காணாமல் போனவர்கள் பட்டியலில் என் பெயர்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சின்ன ர, பெரிய ற இரண்டும் எனக்கு இன்றைக்கும் இடம் மாறிப்போகும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

நான் சமையல்காரன். நியூஜெர்சியில் பிரிட்ஜ்வாட்டர் பக்கம் ஒரு சைவ ஓட்டலில் மாஸ்டர். என்னை 1994-இல் இங்கே கூட்டி வந்தவர் எங்கள் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். கடை அவருடையது. அவர் வீட்டு பேஸ்மென்ட்டில்தான் எனக்குப் படுக்கை. காலையில் அவர் காரில் கடைக்குப் போவேன், ராத்திரி அவர் காரில் வீட்டுக்கு வருவேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இந்த ஊரில் கார் ஓட்டத் தெரியாதவன், கொண்டுவந்து இறக்கிவிட்ட இடத்தில் இருக்க வேண்டியதுதான்.

முதலாளி எனக்கு கிரீன் கார்டுக்கு எழுதிப் போட்டிருந்தார். அதில் முதல் கட்டமே இரண்டு வருஷம் நகரவில்லை. கடைக்குச் சாப்பிட வந்த ஒருவர் அமர்நாத் குகையையும் பனி லிங்கத்தையும் பற்றிச் சொன்னார். அன்றைக்கே அடுப்படியில் நின்றபடி வேண்டிக்கொண்டேன், இந்தக் கட்டம் தாண்டினால் மலையேறி வருகிறேன் என்று. ஆறு மாதத்தில் தாண்டியது. ஆனால் வக்கீல் வேறு சொன்னார். அடுத்த பேப்பர் கையில் வருவதற்குள் அமெரிக்காவை விட்டு வெளியே போனால் எல்லாம் ரத்தாகிவிடும், திரும்பி வர முடியாது என்றார்.

ஊரில் இருந்த என் மனைவியிடம் போனில் சொன்னேன்.

"அதுக்கென்னங்க, நான் போய்ட்டு வர்றேன். சாமிக்கு ஆள் வந்தாச் சரி" என்றாள்.

"உனக்கு முட்டி வலியாச்சே?"

"முட்டியப் பாத்தா உங்க கார்டு வருமாக்கும்?"

கோவையில் ஒரு டூர்காரர் குழு கூட்டிப் போவதாகத் தெரிந்தது. அவர் ஆபீஸிலிருந்து ஒரு ஃபாரம் கடை ஃபேக்ஸுக்கு வந்தது. பெயர், வயது, நட்சத்திரம், ஊர் என்று கட்டங்கள். நான் என் பெயரையும், என் வயது நாற்பத்தெட்டையும், என் நட்சத்திரத்தையும் எழுதினேன். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது யாருக்காகச் செய்கிறோமோ அவர் பெயரைத்தானே கொடுப்போம்? சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் பெயரை யார் எழுதுவார்கள்? வேண்டுதல் என்னுடையது. சாமிக்கு என் பெயர் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தேன்.

டூர்காரர் அதை அப்படியே பட்டியலில் ஏற்றிவிட்டார். புறப்படும் அன்று ரயிலடியில் என் மனைவி போய் நின்றதும் அவருக்கு விஷயம் புரிந்திருக்கிறது. "வழியில பாத்துக்கலாம்மா" என்று ஏற்றிக்கொண்டாராம். வழியில் தலையைத்தான் எண்ணினார்கள்.

2000-ஆம் வருஷம், ஆடி மாதம். மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டு தாளித்துக்கொண்டிருந்தேன். முதலாளி அடுப்படிக்கு வந்தார். அவர் அந்த நேரத்தில் உள்ளே வர மாட்டார்.

"மாஸ்டர், உங்க வீட்ல எந்த மலைக்குப் போயிருக்காங்கன்னு சொன்னீங்க?"

சொன்னேன். அவர் அடுப்பை அணைத்தார். மலையடிவார முகாமில் யாத்திரை வந்தவர்களைத் தீவிரவாதிகள் சுட்டுவிட்டார்கள் என்று அவர் வீட்டில் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னார்களாம். ஆற்றங்கரையில், இலவசமாகச் சோறு போடுகிற கூடாரத்துப் பக்கம். யாத்திரிகர்களோடு கூலிக்குச் சுமை தூக்குகிற உள்ளூர் ஆட்களும் செத்திருக்கிறார்கள் என்றார்.

சோறு போடுகிற இடம் என்றதும் எனக்கு அந்த வரிசைதான் கண் முன்னால் வந்தது. தட்டை ஏந்தி வரிசையில் நிற்கிற ஆளுக்கு வேறு எதிலும் கவனம் இருக்காது. இருபத்தைந்து வருஷமாக நான் பார்க்கிற முகம் அது.

அன்றைக்கு முழுக்க போன் கார்டைச் சுரண்டிச் சுரண்டி எண்ணை அழுத்தினேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் குரல் இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கிறது என்று சொல்லும். அப்புறம் லைன் பிஸி. ஊரில் தம்பிக்கும் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில்தான் டூர் ஆபீஸ் கிடைத்தது. எடுத்த ஆள் தூங்காத குரலில் பேசினான். மனைவி பெயரைச் சொன்னேன்.

"அப்படிப் பொம்பளப் பேரே லிஸ்ட்ல இல்லீங்களே."

"கோபிக்காரங்க. நல்லாப் பாருங்க தம்பி."

"கோபில இருந்து ஒரே ஆளுதானுங்க. ஆம்பள. வயசு நாப்பத்தெட்டு. கூப்பிட்டுப் பாத்தும் பதில் இல்லைன்னு ராணுவத்துக்காரங்க எழுதியிருக்காங்க. காணாமப் போன நாலு பேர்ல அவரும் ஒருத்தரு." என் பெயரை வாசித்தான். "நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"அது நாந்தானுங்க" என்றேன்.

"யோவ், இங்க ஆளுக செத்துக் கெடக்கறாங்க. உனக்கு வெளையாட்டா?" போனை வைத்துவிட்டான்.

மறுபடி கூப்பிட எனக்குத் துணிவு வரவில்லை. மனசுக்குள் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன், போனைக் கையில் எடுத்ததும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. முதலாளிதான் பேசி விளக்கினார். டூர்காரருக்கே குண்டடி, ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார், அவரைத் தவிர அந்தப் பெயருக்கு வந்தது பெண் என்று யாருக்கும் தெரியாது என்று பதில் வந்தது. முதலாளி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அர்ச்சனைச் சீட்டா மாஸ்டர் அது? அட, உசுரோட போற ஆள் பேர எழுத வேண்டாமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். உயிரோடு இருக்கிறவர்கள் பட்டியலிலும் அவள் இல்லை, செத்தவர்கள் பட்டியலிலும் இல்லை. அவளைத் தேட வேண்டும் என்றுகூட யாருக்கும் தெரியாதபடி செய்தவன் நான்.

"நான் ஊருக்குப் போறனுங்க" என்றேன்.

"போங்க. பாஸ்போர்ட் என் பீரோவுல இருக்கு, எடுத்துத் தர்றேன். தடுத்தேன்னு நாளைக்குச் சொல்லக் கூடாது. ஆனா வக்கீல் சொன்னத நெனச்சுக்கங்க. ஆறு வருஷம் மாஸ்டர்." சொல்லிவிட்டு, "அங்க போயி எந்த மலையில எங்கன்னு தேடுவீங்க?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. கேட்டது நியாயம்தான்.

கரண்டியை வைத்துவிட்டுப் பின்கதவு வழியாக வெளியே போனேன். பார்க்கிங்கைத் தாண்டினால் பெரிய ரோடு. நடக்க ஓரம் கிடையாது. கார்கள் என்னை உரசுகிற மாதிரி போயின. ஏர்போர்ட் எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. புல்லில் ஏப்ரனோடு நின்றேன். ஒரு கார்க்காரர் ஹாரன் அடித்தார். ஆறு வருஷத்தில் நான் தனியாக நடந்து போன தூரம் அவ்வளவுதான், கடையிலிருந்து அந்தப் புல் வரைக்கும். திரும்பி வந்தபோது கல் சூடாகவே இருந்தது. நாலு மசால் தோசை என்று குரல் வந்தது. ஊற்றினேன்.

அதற்கு மறுநாள் காலை கடை போன் அடித்தது. முதலாளி எடுத்தார். என்னிடம் நீட்டினார்.

"ஏனுங்க..." என்றாள். ஜம்முவில் ஒரு பூத்திலிருந்து பேசினாள். கடை எண்ணை நான் எப்போதோ எழுதிக் கொடுத்த சீட்டு அவள் சுருக்குப்பையில் இருந்திருக்கிறது.

"அடி பட்டுதா?" என்று மட்டும் கேட்டேன்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. தட்டக் கழுவ ஆத்துப்பக்கம் போனேன். வரிசையில எனக்கு முன்னால நின்ன அம்மா குண்டு பட்டுப் போயிட்டாங்க. அவுங்க பாஷையும் எனக்குத் தெரியாது, எம்பாஷையும் அவுங்களுக்குத் தெரியாது. குளுருதுன்னு அவுங்க சால்வைய எம்மேல போத்தி உட்டாங்க. அது எங்கிட்டயே இருக்குங்க. யாருகிட்டத் திருப்பிக் குடுக்கறதுன்னு தெரியல."

கொஞ்சம் அழுதாள். அப்புறம் சொன்னாள்.

"ரண்டு நாளா கூடாரத்துல உக்கார வெச்சு லிஸ்ட்ட வாசிச்சாங்க. உங்க பேரக் கூப்பிட்டாங்க. ஒருக்கா இல்லீங்க, பத்துத் தரம்."

"எந்திரிச்சிருக்கலாமில்ல?"

"எந்திரிச்சா அது யாருன்னு கேப்பாங்க. உங்க பேரச் சொல்லோணுமே."

கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷம். அவள் என் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை. எங்கள் பக்கம் அவள் வயசுப் பெண்கள் யாரும் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வாள். அந்தக் கூடாரத்தில் பக்கத்தில் யார் இருந்தார்கள்?

"அப்புறம் எப்படி?"

"லிஸ்ட்டுல டிக் போட்டவங்களுக்குத்தான் பஸ்ஸுன்னு சொன்னாங்க. எல்லாரும் ஏறிட்டாங்க. நான் மட்டும் நிக்கறேன். துப்பாக்கி வெச்சவன் ஒருத்தன் பேர் என்னன்னு கேட்டான். சொல்லிட்டனுங்க. சத்தமாவே சொன்னேன். அவனுக்குப் புரியலைன்னு நாலு தரம் சொன்னேன்." மூக்கை உறிஞ்சினாள். "கோவிச்சுக்காதீங்க."

நான் அடுப்படியில் மாவு மூட்டை மேல் உட்கார்ந்தேன். எனக்கும் அழுகை வந்தது. முதலாளி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மலைக்குப் போக உடலீங்க. வேண்டுதல் அப்படியே நிக்குது" என்றாள். "இனி எந்த ஃபாரம் வந்தாலும், போற ஆள் பேர எழுதுங்க."

கார்டு இன்னும் வரவில்லை. வெளியே போய் வர அனுமதிக்கும் அந்தப் பேப்பரும் வரவில்லை. ஒரு வருஷமாக அதே பேஸ்மென்ட், அதே கார், அதே கல். அந்தச் சால்வையைத் துவைத்து மடித்து வைத்திருப்பதாக அவள் போனில் சொல்வாள். கொடுக்க ஆள் இல்லை. போன மாதம் அவளை இங்கே அழைக்க வக்கீல் ஒரு ஃபாரம் கொடுத்தார். பெயர்க் கட்டத்தில் அவள் பெயரை எழுதிவிட்டு, சரிதானா என்று மூன்று தரம் பார்த்தேன். என் எழுத்தில் அவள் பெயரை அதற்கு முன் நான் எழுதியதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

இன்றைக்குக் கடை விடுமுறை. முதலாளி குடும்பத்தோடு வெளியே போயிருக்கிறார். எனக்குப் போக இடமில்லாததால் உட்கார்ந்து எழுதி முடித்தேன்.

2001, ஜூலை 30, திங்கட்கிழமை.