ஒன்பதாவது படம்

ஞாயிற்றுக்கிழமை காலை என் மகன் நான் எடுத்த படங்களை டிவியில் போட்டான். பெருமைக்காக அல்ல. நான் இனிமேல் தனியாக ரயில் ஏறக்கூடாது என்பதற்கு அவைதான் ஆதாரம் என்றான்.

மொத்தம் பன்னிரண்டு படங்கள். அவற்றில் ஐந்தில், ஒரு காட்சியின்மேல் இன்னொரு காட்சி விழுந்திருந்தது. குர்லா ஸ்டேஷன் மேம்பாலப் படிக்கட்டில் ஏறுகிறவர்களின் முகங்களுக்குள்ளேயே இறங்குகிறவர்களின் முதுகுகள் இருந்தன.

"பாருங்கோப்பா. எடுத்த படத்து மேலயே திரும்ப எடுத்திருக்கேள். எடுத்தோம்ங்கறதே ஞாபகம் இல்லை. மத்லப், அதானே?"

"அதுக்கு அர்த்தம் அது இல்லை" என்றேன்.

"அப்போ நெருள்?"

ஐந்து மாதங்களாக எதற்கெடுத்தாலும் இந்த நெருள் வந்துவிடுகிறது. மாட்டுங்காவிலிருந்து திரும்பும்போது குர்லாவில் வண்டி மாறி உட்கார்ந்தவன் தூங்கிப்போய், நாங்கள் இருக்கும் செம்பூரைத் தாண்டி ஆறாவது ஸ்டேஷனான நெருளில் கண் விழித்தேன். அங்கிருந்து நானே திரும்பி வந்திருப்பேன். ஆனால் பக்கத்து சீட்டுக்காரர் என் போனை வாங்கி மகனுக்குச் சொல்லிவிட்டார். அவன் ஆபீஸிலிருந்து டாக்சியில் வந்து என்னைக் கூட்டிப்போனான். எழுபத்தெட்டு வயதுக்காரன் ரயிலில் தூங்கினால் அது மறதி. நாற்பத்தெட்டு வயதுக்காரன் தூங்கினால் அது அசதி. அன்றைக்கு டாக்சியில் அவனும் தூங்கினான் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அந்தக் கேமராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். புனேயில் படிக்கும் என் பேத்தி வாங்கியது அது. முதலில் அவள், எடுத்த நிமிஷமே படத்தை வெளியே துப்புகிற கேமரா ஒன்று வாங்கினாள். பத்துத் தாள், பத்தையும் அவளுடைய சிநேகிதிகள் பிய்த்துக்கொண்டு போனார்கள். பிறகு இந்தப் பிளாஸ்டிக் பொம்மைக் கேமரா. ஒரு ஃபிலிம் சுருள் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே தெரியலை தாத்தா, எல்லாம் கலங்கலா இருக்கு" என்று ஷூ அலமாரியில் வைத்துவிட்டாள். நான் எடுத்துக்கொண்டேன். என்னுடைய சொந்தக் கேமரா, இளமையில் வாங்கிய மடக்குக் கேமரா, பரணில் இருக்கிறது. அதன் தோல் துருத்தியை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். பதினேழு ஓட்டைகள். அதற்குமேல் எண்ணவில்லை.

பொம்மைக் கேமராவைச் சமையலறைத் தராசில் வைத்தால் இருநூற்றுப் பத்து கிராம். லென்ஸ்கூடப் பிளாஸ்டிக். வெளிச்சம் ஒழுகாமலிருக்க, விளிம்பெல்லாம் எலக்ட்ரீஷியன்கள் ஒட்டுகிற கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறேன். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். பின்பக்கம் சிவப்பாக ஒரு சிறிய ஜன்னல். அதில் எத்தனையாவது படம் என்ற எண் தெரியும். பொத்தானை அழுத்திய பிறகு திருகை நாம்தான் சுற்றி அடுத்த எண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும். சுற்றாமல் மறுபடி அழுத்தினால் அது தடுக்காது. பழைய படத்தின் மேலேயே புதியதை எடுத்துத் தரும். எல்லாவற்றையும் நம்மிடமே விட்டுவிடுகிற யந்திரம்.

டிராம்பேயில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் முப்பத்தொரு வருஷம் நட்டும் போல்ட்டும் எண்ணினவன் நான். எனக்கு எண்ணிக்கைக்கு அடங்கிய கேமராதான் சரிப்படும். என் மகனுடைய போனில் பதினாலாயிரத்துச் சொச்சம் படங்கள் இருக்கின்றன. அது அவனுக்கே தெரியாது. நான்தான் பார்த்துச் சொன்னேன்.

சுருளைக் கழுவித் தருகிறவர் தாராவியில் பாஸ்போர்ட் போட்டோ கடை வைத்திருக்கும் பாய். மேலப்பாளையத்துக்காரர். கடைக்கு மேலே தட்டுப் போட்டு, கறுப்புத் துணி கட்டி, அங்கே கழுவுவார். படங்களைப் போனுக்கும் அனுப்புகிறேன் என்றார். என்னுடையது பொத்தான் வைத்த போன். அதில் படம் வராது. மகனுடைய எண்ணைக் கொடுத்தேன். செய்த பிழை அதுதான். என் படங்களை நான் பார்ப்பதற்கு முன் அவன் பார்த்துவிட்டான்.

நான் உள்ளே போய் என் நோட்டை எடுத்து வந்தேன். ஒவ்வொரு படத்துக்கும் இடம், கிழமை, மணி, வெயிலா மேகமா என்று எழுதி வைப்பது வழக்கம். மருமகள் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். அவள் ஒரு கம்பெனியில் ஆடிட் பார்க்கிறவள். அவள் கைக்குப் போனதில் எனக்கு நிம்மதிதான். அவள் யார் பக்கமும் சாயமாட்டாள்.

"ரெண்டாவது படம்" என்றாள். "குர்லா படிக்கட்டு. காலையில ஏறும்போது ஒண்ணு, சாயங்காலம் இறங்கும்போது ஒண்ணு. வேண்டுமென்றே எடுத்ததுன்னு எழுதியிருக்கார்."

"அது சரி. நாலாவது?"

"பூட்டின ஷட்டர், அதுமேல கூட்டம். எழுதியிருக்கார். ஏழும் எழுதியிருக்கார். பதினொண்ணும் இருக்கு." பிறகு பக்கத்தைத் திருப்பினாள், மறுபடி முன்னால் திருப்பினாள். "மாமா, ஒன்பதாவதுல ஒண்ணுதான் எழுதியிருக்கேள்."

டிவியில் ஒன்பதாவது படம் வந்தது. மாட்டுங்கா பூக்கடையில் மல்லிகைச் சரங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வியாழக்கிழமை, காலை ஒன்பதே முக்கால், வெயில். ஆனால் சரங்களுக்கு நடுவே, அதே நீளத்தில், மூங்கில் கழியில் பொம்பில் மீன்கள் காய்ந்துகொண்டிருந்தன. எது பூ, எது மீன் என்று பிரிக்க முடியவில்லை. பன்னிரண்டில் அதுதான் நல்ல படம். எனக்குக் கோபமாக வந்தது.

பூவை எடுத்து இரண்டு நாள் கழித்து, முந்தைய வாரச் சனிக்கிழமை, நான் டிராம்பே போனது உண்மை. சீத்தா கேம்ப்பில் இருக்கிற பழைய சிநேகிதனைப் பார்த்தேன். இரண்டு டீ குடித்தேன். திரும்பும்போது கரையோரம் மீன் காயப்போட்டிருந்ததையும் பார்த்தேன். நின்றேன். படம் எடுத்தேனா? எவ்வளவு தேடியும் பொத்தானை அழுத்திய விரல் என் ஞாபகத்தில் இல்லை.

"மீன் எங்கேர்ந்து வந்தது மாமா?"

நான் பதில் சொல்வதற்குள் மகன் பாய்க்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தான்.

"படம் கெடச்சுதா தம்பி? அந்த ஒம்பதாம் நம்பர் படத்த நான் பெருசாப் போட்டு கடையிலயே மாட்டிட்டேன். ஸார் கோவப்படுவாவளோ என்னமோ."

"அதைப் பத்திதான் கேக்கறேன் பாய். ரெண்டு படம் ஒண்ணாச் சேர்ந்திருக்கே. அது கேமரா தப்பா, எடுத்தவர் தப்பா?"

"ஸார் பக்கத்துல இருக்காவளா?"

"இருக்கார்."

"அப்ப கேமராதான் தம்பி. பிளாஸ்டிக்குல்லா? சுருளு வழுக்கிரும்."

அவர் எனக்காகச் சொன்னார். சும்மா இருந்திருந்தால் அன்றைக்கு நான் ஜெயித்திருப்பேன். மகனுக்குச் சுருளும் தெரியாது, திருகும் தெரியாது. ஆனால் முப்பத்தொரு வருஷத்தில் ஒரு போல்ட் குறைந்தபோதுகூட எலி தின்றுவிட்டது என்று நான் எழுதியவனில்லை.

"வழுக்காது பாய்" என்றேன். "வழுக்கினா ஜன்னல்ல நம்பர் மாறியிருக்கும்."

"வழுக்கும்னு சொல்லுதேன்லா! செத்த சும்மா இரிங்களேன் ஸார்!"

"வழுக்காது."

பாய், "யா அல்லா" என்றார். அழைப்பைத் துண்டித்துவிட்டார். மருமகள் சிரிப்பை அடக்க டிவியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மகன் குரலைத் தாழ்த்தினான். "அப்போ ஒத்துக்கறேள். ஒரு மறதி."

"ஒண்ணில்லை. ரெண்டு" என்றேன். "வியாழக்கிழமை பூவை எடுத்துட்டுத் திருகைச் சுத்தலை. அது ஒண்ணு. சனிக்கிழமை மீனை எடுத்தேன், எழுதலை. எடுத்ததே ஞாபகம் இல்லை. அது ரெண்டு."

அவன் முகம் மாறியது. சண்டை போடத் தயாராக வந்தவனுக்கு, கேட்டதைவிட அதிகமாகக் கொடுத்துவிட்டேன். அவன் கண்ணில் இருந்தது கோபம் இல்லை, பயம் என்பதை அப்போதுதான் கவனித்தேன். அதற்காக நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

"அப்புறம் என்னப்பா? போதும். இனிமே தனியா வேண்டாம். நான் ஞாயித்துக்கிழமை கூட்டிண்டு போறேன்."

"மறந்ததை ஒத்துக்கறேன். போகாம இருக்கறதை ஒத்துக்கலை."

"மாட்டுங்கால அப்படி என்ன இருக்கு? பூ இங்கேயும் கிடைக்கறது."

"போன மாசம் நீ வீட்டுச் சாவியை மூணு தடவை உள்ளே வெச்சுப் பூட்டிண்டு போனே. போன் சார்ஜரை ஆபீஸ்ல விட்டுட்டு வந்தது நாலு தடவை. கல்யாண நாளை மறந்தது இதுவரைக்கும் ஒரு தடவை. உன்னை யாராவது தனியா ஆபீஸ் போகக்கூடாதுன்னு சொன்னாளா?"

"கல்யாண நாள் ரெண்டு தடவை" என்றாள் மருமகள்.

"அரே, நீ யார் பக்கம்?"

"நோட்டு பக்கம்" என்றாள்.

நான் அவனிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். என் வயதில் மறதி வரும். இன்னும் வரும். அது எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ண வேண்டுமானால் நான் வெளியே போக வேண்டும். வீட்டில் சோபாவில் உட்கார்த்தி வைத்தால் ஒரு பிழையும் செய்யமாட்டேன்தான். பூட்டிய ஸ்டோர்ஸிலும் எதுவும் குறையாது. அதற்கு ஸ்டோர்ஸ் எதற்கு? நான் எடுப்பவை கலங்கலான படங்கள். ஓரமெல்லாம் இருட்டு. பன்னிரண்டில் ஒன்றை நானே எடுத்தேனா என்று எனக்கே தெரியாது. அந்த ஒன்றையும் சேர்த்து அவை என்னுடையவை. நான் போய் எடுத்தவை.

அவன் எழுந்து பால்கனிக்குப் போனான். சிறிது நேரம் கழித்து அங்கிருந்தே கேட்டான்: "பாக்கெட்ல ஒரு சீட்டாவது வெச்சுக்குவேளா? பேர், அட்ரஸ் எழுதி?"

கழுத்தில் அட்டை மாட்டிய பள்ளிக்கூடப் பிள்ளைகளை நினைத்தேன். மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, எழுதுவது நானாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. சாப்பாடு ஆனதும் உட்கார்ந்து மூன்று முறை எழுதினேன். தமிழில் ஒன்று, ஹிந்தியில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. பெயர், செம்பூர் விலாசம், அதற்குக் கீழே இப்படி:

'இந்தப் பெரியவர் தொலைந்துபோகவில்லை. படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். அவராகக் கேட்டால் மட்டும் பிளாட்பாரம் எண்ணைச் சொல்லவும். உட்காரவைக்க வேண்டாம்.'

மருமகள் மூன்றையும் வாசித்தாள்.

"மாமா, போன் நம்பரே எழுதலையே?"

பால்கனியிலிருந்து மகன் சட்டென்று திரும்பிப் பார்த்தான்.

"மறக்கலை. இடம் விட்டிருக்கேன் பார். அவன் நம்பரைப் போடறதா, உன் நம்பரைப் போடறதான்னு கேக்கணும்னுதான் விட்டேன்."

அது நிஜம். கீழே ஒரு வரி அளவுக்கு இடம் விட்டு, கோடும் போட்டிருந்தேன். அவள் கோட்டைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"அவர் எங்கே போனை எடுக்கறார்!" என்றாள். என் பேனாவை வாங்கி, மூன்று சீட்டிலும் தன் எண்ணை எழுதினாள்.

வியாழக்கிழமை காலை எட்டே காலுக்குக் கிளம்பினேன். மகன் வாசலில் நின்றுகொண்டு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருந்தான், போகவில்லை. லிஃப்ட் வந்தது. நான் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

அன்றைக்கு மூன்று படங்கள் எடுத்தேன். மூன்றையும் எழுதியிருக்கிறேன். எழுதாதது ஏதும் இருந்தால், கழுவி வரும்போது தெரியும்.