ஒருத்தரும் தெரிந்துகொள்ளாத பிள்ளை

கொட்டாஞ்சேனையிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் மாமாவை எனக்கு வாசலிலேயே பிடிக்கவில்லை. வெள்ளவத்தையில் நாங்கள் இருந்தது வாடகை வீடு. உட்காருவதற்கு முன்பே அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். அதன் பிறகுதான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். எது முந்தி, எது பிந்தி என்று கவனிப்பது என் கெட்ட பழக்கம்.

அவர் ஒரு சின்னச் சபையின் மூப்பர். உலகம் உண்டாகுமுன்னே கடவுள் சிலரை மோட்சத்துக்கென்று தெரிந்துகொண்டார், மற்றவர்கள் தலைகீழாக நின்றாலும் உள்ளே போக முடியாது என்பது அவர்களுடைய போதனை. எங்கள் சபையிலோ வாசல் எல்லாருக்கும் திறந்திருந்தது. மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் கிளாக்கர் வேலை, அக்காவுக்கு வயது முப்பதை நெருங்கிவிட்டது. ஆகவே போதனையை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

அப்பா சோடா வாங்க மூலைக் கடைக்குப் போயிருந்தார். மாமா தேத்தண்ணிக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு அம்மாவைக் கேட்டார்:

"பிள்ளை தெரிந்துகொள்ளப்பட்டவளோ?"

வேதப் புத்தகத்துச் சொல்தான், கடவுள் தேர்ந்தெடுத்தவளோ என்று அர்த்தம். ஆனால் அம்மா சைவ வீட்டில் பிறந்து, கலியாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவள். பைபிளில் சங்கீதங்களைத் தாண்டி வாசித்ததில்லை. போதாக்குறைக்கு, அக்கா மருதானை டிராமில் ஒரு வாத்தியாரோடு கதைத்தாள் என்ற வதந்தியில்தான் முந்தின சம்பந்தம் குழம்பியிருந்தது. எவனோடும் பழகியவளோ என்று கேட்கிறார் என்றே அம்மா எடுத்துக்கொண்டாள்.

"ஐயோ, அப்பிடி ஒண்டும் இல்லை! எங்கட பிள்ளையை இண்டுவரைக்கும் ஒருத்தரும் தெரிஞ்சுகொள்ளேல்லை. பைபிளிலை அடிச்சுச் சத்தியம் பண்ணுவன்."

இரண்டு அர்த்தமும் எனக்கு விளங்கின. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மாப்பிள்ளையையும் எழுப்பிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

அடுத்த ஞாயிறு அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனார். மாடி வீட்டுக் கூடத்தில் ஆராதனை முடிந்து ஆட்கள் நின்றார்கள். அம்மா பிழையாக விளங்கிக்கொண்டதை அப்பா சிரித்துச் சிரித்துச் சொன்னார். மாமா சிரிக்கவில்லை.

"தாயின்ரை வாயாலை கர்த்தரே பேசுவிச்சிருக்கலாம்," என்றார்.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லாருக்கும் வோட்டு வந்த புதிது அது. "இஞ்சை மீன் விக்கிற மனிசிக்கும் வெள்ளைக்காரன் வோட்டுக் குடுத்திட்டான். கடவுள் அவனிலும் கஞ்சனோ?"

"மோட்சத்திலை ஒரு வோட்டுத்தான், ஐயா. அது அவருடைய வோட்டு."

நல்ல பதில்தான், அதுதான் எனக்கு எரிச்சல். ஆனால் அந்தக் கூடத்தில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தான் விடுபட்டுப் போனவன் என்று நினைக்கிற முகம் ஒன்றுகூட இல்லை. அந்தப் போதனையை நம்புகிற எவரும் தன்னை வெளியே நிறுத்திவிட்டு நம்புவதில்லை. சில மாதங்களில் மாப்பிள்ளை அதே தெருவில் சொந்த வீடுள்ள ஒரு பெண்ணைக் கட்டினார். கர்த்தருடைய சித்தம் என்று சொல்லியனுப்பினார்கள்.

சம்பந்தம் போனதற்கு அக்கா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒருநாள் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்:

"அந்த மனிசன் சொன்னது உண்மையா இருந்தா?"

"விசர்க் கதை. நம்பாதை."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

எனக்குத் தெரியாது. ஆட்கள்தான் அவளை வேண்டாம் என்கிறார்கள் என்று இவ்வளவு நாளும் தாங்கிக்கொண்டிருந்தாள். இப்போது கடவுளும் அப்படித்தான் என்று நினைக்கத் தொடங்கிவிட்டாள். அந்த மாமாவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அடுத்த நற்கருணை ஞாயிறு, கோயிலில் எங்கள் வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் அப்பமும் இரசமும் வாங்க எழுந்து முன்னே போனார்கள். அப்பாவும் போனார். அக்கா எழும்பவில்லை.

"வாவன் பிள்ளை," என்றாள் அம்மா.

"எனக்கில்லாததை நான் ஏன் வாங்குவான்? நீங்கள் போங்கோ."

பாதி எழுந்த அம்மா திரும்பவும் உட்கார்ந்துவிட்டாள். "நீ இல்லாத மோட்சம் எனக்கென்னத்துக்கு? இரு, ரெண்டு பேரும் இஞ்சையே இருப்பம்." மெல்லப் பேசத் தெரியாதவள் அம்மா. முன் வாங்குக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா அவளை முறைத்தாள். அம்மா அசையவில்லை. கடைசியில் அக்கா அம்மாவின் முழங்கையைப் பிடித்து எழுப்பி, முன்னே கூட்டிப்போய், பக்கத்தில் தானும் முழங்காலிட்டாள்.

விசுவாசம் திரும்பி வந்துதான் அவள் எழுந்து போனாள் என்று அப்பா சாகும்வரை சொன்னார். எனக்கு அதில் சந்தேகம். அம்மாவை மோட்சத்துக்கு வெளியே விட அவளுக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.