சந்தனம் அடைத்த ஹார்ட் டிஸ்க்

வெண்ணந்தூரில் விசைத்தறிச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது என் பிழைப்பு. போட்டதெல்லாம் வீட்டில் ஒரு பெட்டிக்குள் இருந்தது. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் பதிவதே மற்றதிலும் பதியும், அதனால் வெளியே தனியாக நகல் எடுக்கத் தேவையில்லை என்று விற்றவன் சொன்னான். விற்கிறவன் வேறென்ன சொல்வான்.

ஆயுத பூசையன்று காலையில் பெட்டி கத்த ஆரம்பித்தது. ஒரு டிஸ்க் செத்துவிட்டது. இன்னொன்றும் அதோடு சேர்த்து வாங்கியதுதான். அதுவும் போனால் என் தொழில் போச்சு. தறிக்காரர்கள் புதுப் பூ டிசைன் கேட்கிறவர்கள் இல்லை. பழைய பார்டரைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

சேலத்துக்கு ஓடினேன். பூசைக்குக் கம்ப்யூட்டர் கடையைக் கழுவிக்கொண்டிருந்தவனிடம் சண்டை போட்டு வெளியில் செருகும் டிஸ்க் கேட்டேன். ஒன்றுதான் இருந்தது. கொண்டுவந்து பெட்டியில் செருகி நகலை ஓடவிட்டேன்.

வீடு முழுக்க ஈரம். கிரைண்டர், மோட்டார், தையல் மிஷின் எல்லாம் குளித்துப் பொட்டோடு நின்றன. அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள்.

"ஏஞ்சாமி, இன்னைக்குமா இதைய ஓட்டுவே? நிறுத்து. தொடச்சுப் பொட்டு வெச்சரலாம்."

"ஈரத்துணியோட கிட்ட வந்தீனாப் பாரு."

"நல்ல நாளும் அதுவுமா எப்படிப் பேசறான், நீங்களே கேளுங்க சாமி" என்று மச்சானிடம் முறையிட்டாள். என் மனைவியின் அண்ணன், லாரிக்காரர். கழுவிய லாரியை எங்கள் வாசலை அடைத்து நிறுத்தியிருந்தார். கல்யாணத்திலிருந்தே எனக்கும் அவருக்கும் ஆகாது.

"அதுக்குள்ள என்னுங்க மாப்ள இருக்குது?"

"என் சோறு இருக்குது. இந்தப் பொட்டியில இருந்து அந்தப் புது டிஸ்க்குக்குப் போயிட்டிருக்குது."

"அப்ப லோடுங்களா?"

"லோடுதான்."

அவர் அம்மாவிடம் திரும்பினார். "லோடு ஏத்துன வண்டியப் பாதி ரோட்டுல நிறுத்தி ஆருங்க பூசை போடுவாங்க? எறக்கட்டும்."

லாரிக்காரர் சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது. எல்லோரும் காத்திருந்தார்கள். சுண்டல் ஆறியது. பொரி நமுத்தது. மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"எங்கீங்க வருது?"

"பாதி."

"தொப்பூர் மேட்டுல லாரி ஏறுதாட்ட இருக்குது."

இருட்டுகிற நேரத்தில் முடிந்தது. நாலைந்து டிசைனைத் திறந்து பார்த்தேன், சரியாக இருந்தன. பெட்டியை நிறுத்தி, புது டிஸ்க்கையும் சேர்த்து அம்மாவிடம் கொடுத்தேன். பூசையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது. தொடவில்லை.

காலையில் பெட்டியைப் போட்டேன். இரண்டாவது டிஸ்க்கும் எழுந்திருக்கவில்லை. ஒருமுறை நிறுத்தியதே அது சாகப் போதுமாக இருந்தது. இனி இருப்பது அந்த ஒற்றை டிஸ்க். எடுத்துப் பார்த்தால் ஒயர் செருகும் ஓட்டை நிறையச் சந்தனம், காய்ந்து கல்லாகி, மேலே குங்குமம்.

"நெத்தி எதுன்னு தெரீல சாமி" என்றாள் அம்மா.

ஈர்க்குச்சியும் பழைய பல் தேய்க்கும் பிரஷும் வைத்துக் காலை முழுக்கச் சுரண்டினேன். செருகினேன். விளக்கு எரிந்தது. பூவெல்லாம் இருந்தது, பார்டரும்.

அன்றே இன்னொரு டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் அதிலும் ஏற்றினேன். அது திருச்செங்கோட்டில் மச்சான் வீட்டு பீரோவில் இருக்கிறது. மாதம் ஒருமுறை போய் எடுத்து வந்து புது வேலையை ஏற்றித் திரும்பக் கொடுப்பேன். அவருக்கும் எனக்கும் இன்னும் ஆகாது. ஆனால் அந்த வீட்டில் என் அம்மா இல்லை.