கோவளத்து மீன்

மகள் பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்கப் படத்தில் வெடிச்சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். என் சிறுவயதில் பல்லாவரம் தியேட்டரில் பார்த்த அமெரிக்கச் சிப்பாய், குண்டு விழும்போதும் நிதானமாக சிகரெட் பற்றவைப்பான். எங்கள் அப்பாவும் போருக்குப் போய் வந்தவர்தான். ஆனால் தீபாவளியன்று தெருவில் பட்டாசு தொடங்குமுன்பே, "மீன் வாங்கிட்டு வரேன்" என்று கோவளம் பஸ் ஏறிவிடுவார். தெரு அடங்கியபின்தான் வருவார். நான் பையைத் துழாவுவேன். மீன் வாடைகூட இருக்காது.

"எங்கப்பா மீனு?"

"நல்லதா எதுவும் கிடைக்கல."

இந்தப் படத்துச் சிப்பாய் போர் முடிந்து ஊர் திரும்பியவன். ஏதோ கொண்டாட்டத்தில் பட்டாசு வெடித்ததும், காரை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடினான்.

"இவன் எங்கம்மா போறான்?" என்றாள் மகள்.

"மீன் வாங்க" என்றேன்.