ஒழிந்த இடம்

நான் நிலத் தரகில் இறங்கியது எழுபதுகளில். கஞ்சிக்கோட்டுப் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. கோயம்புத்தூர்க்காரர்கள் நிலம் தேடி வாளையார் எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குள் வருவார்கள். அவர்களுக்காகப் பேசுவது என் வேலை. நிலத்துக்காரருக்காகப் பேச வேறொரு தரகர் இருப்பார். வாங்குகிறவரும் விற்கிறவரும் வேப்பமரத்தடியில் மரியாதையாக இளநீர் குடித்துக்கொண்டிருக்க, வெயிலில் நின்று மல்லுக்கட்டுவது நாங்கள் இருவரும்தான்.

எதிர்த்தரப்பில் எனக்கு அடிக்கடி வாய்த்தவர் பாலக்காட்டுக்கும் மேற்கேயிருந்து வந்த மலையாளி. மாட்டுச் சந்தைத் தரகில் பழகியவர். நிலத்துக்கும் அதே வழக்கத்தைக் கொண்டுவந்துவிட்டார். தோளில் கிடக்கும் துண்டைக் கையின்மேல் போட்டு நீட்டுவார், நான் உள்ளே கையை விட வேண்டும். விலையை வாயால் சொல்வதே இல்லை. எந்த விரலை எப்படிப் பிடிக்கிறோம் என்பதுதான் பேச்சு. முதலாளிகள் துண்டையே முறைத்துக்கொண்டிருப்பார்கள், ஒன்றும் புரியாது. உச்சி வெயிலிலும் அவர் கை சில்லென்றிருக்கும். எனக்கு அது ஆகவே ஆகாது.

அந்த நிலம் ரோட்டை ஒட்டி, நல்ல கிணற்றோடு இருந்தது. கிணற்றுப் பக்கத்தில் ஒரு குடிசை. வில்லங்கமே அதுதான். கேரளத்தில் புதிதாக வந்திருந்த சட்டப்படி, பிறர் நிலத்தில் குடிசை போட்டு இருப்பவர்களுக்கு அதைச் சுற்றிக் கொஞ்சம் இடம் சொந்தமாகும். குடிகிடப்பு என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே வாங்க வந்தவர் காரில் ஏறிவிடுவார். ஆனால் குடியிருப்பவர்கள் அவர்களாகவே எழுந்து போய்விட்டால் தீர்ந்தது விஷயம்.

குடிசையில் ஒரு புருஷனும் பெண்சாதியும் இருந்தார்கள். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து தோட்டக் காவலுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர்கள். அந்தக் குடிசையை விட்டால் அவர்களுக்குப் போக இடமில்லை என்று ஊரே சொன்னது.

அன்று துண்டுக்குள் கையை விட்டதும் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். "குடிசைக்கு என்ன பண்றதுங்க?"

"ஆளெ ஒழிப்பிச்சு தராம்," என்றார் சத்தமாக. பிறகு எனக்காகத் தமிழில், "ஒழிச்சுத் தந்துடறேன். பேடிக்கண்டா, பயப்பட வேண்டாம்," என்று சிரித்தார்.

மலையாளத்தில் அது சாதாரணப் பேச்சு. குடியிருப்பவரைக் காலி செய்ய வைப்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள். கோர்ட்டுக் காகிதத்தில்கூட அதுதான் வரும். நம் காதில் அது எப்படி விழும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கிணற்றில் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த உருளை சட்டென்று நின்றது. திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் பாதி ஏறிய வாளியோடு கயிற்றைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கையை இழுத்தேன். அவர் விடவில்லை. என் இன்னொரு விரலையும் சேர்த்துப் பிடித்தார். ஒழித்துத் தரும் நிலத்துக்கு விலை கூடும் என்று அர்த்தம். "முதலாளியைக் கேட்டுச் சொல்றேனுங்க," என்று எப்படியோ பிடுங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் தனியாகக் குடிசைக்குப் போனேன். ஒரு வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டு இரண்டு உயிர்கள் நடுங்கக் கூடாதே என்ற நினைப்பு. இரண்டு பாஷையும் தெரிந்தவன் என்ற கெத்தும் கொஞ்சம் உண்டு. புருஷன் உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அரிவாள் கிடந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. அவள்தான் வாசலுக்கு வந்தாள்.

"அம்மிணி, அவர் சொன்னது நீ நெனைக்கறாப்பல இல்ல. மலையாளத்துல அதுக்கு ஊட்டைக் காலி பண்ண வெக்கறதுன்னுதான் அர்த்தம். வேறொண்ணும் இல்ல."

அவள் வாசற்படியில் நின்றபடியே கேட்டாள்.

"ஏனுங்ணா, நாங்க காலி பண்ண மாட்டோமுன்னு சொன்னா, அப்புறம் அது எந்த ஒழிக்கறதுங்க?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வந்த வேகத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை. என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன், பஞ்சாயத்து, தாசில்தார், வக்கீல் என்று. அவள் எல்லாவற்றுக்கும் "சரிங்ணா" என்றாள். "நாங்க எங்கயும் போறதா இல்லீங்," என்று மட்டும் தெளிவாகச் சொன்னாள்.

அடுத்த வாரம் ஆள் அனுப்பி என்னை அந்த நிலத்துக்கு வரச் சொன்னார் அந்தத் தரகர். போனபோது காற்று பேயாக வீசிக்கொண்டிருந்தது. குடிசைக் கதவு திறந்து கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே அடுப்பின்மேல் சட்டி அப்படியே இருந்தது. வெளியே கொடியில் அவனுடைய வேட்டியும் அவளுடைய சேலையும் மொடமொடவென்று காய்ந்துபோய், எடுக்க ஆளில்லாமல் படபடத்துக்கொண்டிருந்தன. காலி செய்து போகிறவர்கள் உடுத்துகிற துணியை விட்டுவிட்டா போவார்கள்?

அவர் கிணற்றுமேட்டில் நின்றிருந்தார்.

"இங்க இருந்தவிய எங்கீங்க?" என்றேன்.

"ஒழிஞ்ஞு போயி," என்றார்.

"எந்த ஊருக்குப் போனாங்க?"

நான் கேட்டது காதில் விழாதவர்போலத் தோள் துண்டை எடுத்து உதறினார். அதைக் கையின்மேல் போட்டுக்கொண்டு என் பக்கம் நீட்டினார்.

"ஒழிஞ்ஞு போயின்னு பறஞ்ஞில்லே? சொன்னேனில்ல?" என்றார், அதே சிரிப்போடு.

நான் கையை நீட்டவில்லை. பெரிய நியாயவான் என்பதால் அல்ல, பயம். அந்தக் கையைத் தொடவே பயமாக இருந்தது.