திட்டுக்காரி சுமந்த சாமி

எங்கள் ஊர்க் குன்றின் மேல் சாமியைக் கொண்டுவந்து வைத்தவள் ஷிகே. மூச்சடக்கிக் கடலில் மூழ்கிச் சிப்பி எடுத்துப் பிழைத்தவள். புருஷனைப் புயல் கொண்டுபோனதிலிருந்து கடலைத் திட்டிக்கொண்டேதான் தண்ணீரில் இறங்குவாள். அவள் வாய்க்குப் பயந்து ஊரே ஒதுங்கிப் போகும்.

ஒரு குளிர்காலத்தில் மத்தி மீன் வரத்து அடியோடு நின்றுபோயிற்று. ஊர் பட்டினி கிடந்தது. அப்போது ஒருநாள் ஷிகேயின் கூடையில் சிப்பிக்குப் பதிலாகக் கறுப்புக் கல் ஒன்று வந்தது. தூக்கி எறிந்தாள். மறுபடி மூழ்கி எழுந்தால், கூடையில் அதே கல்!

"என் புருஷனைத் தின்னது பத்தலையா? இப்போ கல்லைக் குடுத்து ஏமாத்துறியா? வா, முள்ளங்கி ஊறுகாய்ப் பானை மேல பாரமா வச்சுடறேன்!"

அவள் கல்லோடு வீடு சேர்வதற்குள் விரிகுடா முழுக்க மத்தி வெள்ளியாய் மின்னியது.

விஷயம் பரவியது. ஊர்த்தலைவர் கென்பெய் ஆட்களோடு வந்தார். "சாமி குடிசையில இருக்கலாமா? என் தோட்டத்துக்குத் தூக்குங்கடா!"

அரிசி மது படைத்தார்கள், விழுந்து கும்பிட்டார்கள். கல் அசையவில்லை. கட்டி இழுத்த கயிறு அறுந்து தடியன்கள் மல்லாந்து விழுந்தார்கள்.

ஷிகே கல்லின் பக்கத்தில் குந்தினாள். "ஏய், உனக்கு எங்கதான் போகணும்?"

தூக்கினாள். பிள்ளையைப் போல இடுப்பில் வந்து உட்கார்ந்தது. தலைவர் வீட்டுப் பக்கம் திரும்பினால் கனத்தது, குன்றின் பக்கம் திரும்பினால் லேசாயிற்று. ஏறினாள். ஊரே பின்னால் ஏறியது. பாதி வழியில் மறுபடி கனம்.

"அடம் பிடிக்கிறியா? என் முழங்கால் என்ன இரும்பா? கழுதை!"

"மரியாதையாப் பேசும்மா, சாமி அது," என்றார் மூச்சிரைக்க வந்த கென்பெய்.

"மரியாதையாப் பேசின உங்களுக்கு அசைஞ்சுதா ஐயா?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. கென்பெய்க்கும் சிரிப்பு வந்துவிட்டது. கல் லேசாயிற்று.

கடல் முழுதும் தெரியும் உச்சியில் அதை இறக்கி வைத்தவள், முதன்முறையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினாள். "இங்கிருந்து ஒவ்வொரு படகையும் பாத்துக்கோ. என்னை மாதிரி இன்னொருத்தி இந்த ஊர்ல அழக் கூடாது."

வசந்தத்தில் அங்கே கோயில் எழுந்தது. கோயில் முன் நிற்கும் சிவப்பு வாயிலுக்கான மரத்தைச் சுமந்தவர்களில் கென்பெய் முன்னால் நின்றார். முதல் சோற்று உருண்டையைப் படைக்க ஊர் ஷிகேயைத்தான் அழைத்தது.

இன்றும் திருவிழாவில் ஆண்கள் பல்லக்குத் தூக்க, பெண்கள் வழிநெடுக நின்று சாமியைத் திட்டுவார்கள். நன்றாகத் திட்டியவளுக்கு முதல் கூடை மீன். போன வருஷம் என் மனைவி ஜெயித்தாள். சாமியோடு சேர்த்து என்னையும் ஒரு பிடி பிடித்தாள், ஊரே கைதட்டியது.