ஆறுமுகத்தாயின் தபசு

ஆறுமுகத்தாய் தியானம் பழகப் போனது ஞானம் தேடி அல்ல, தூக்கம் தேடி. சங்கரன்கோவிலில் பேச்சிராஜ் முதலாளியின் விசைத்தறிக் கூடத்தில் சேலை நெய்பவள் அவள். தறி நின்ற பிறகும் அதன் இரைச்சல் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. மாத்திரைக்கும் அடங்கவில்லை. திருவேங்கடம் சாலையில் ஒரு மாடியில் மூச்சைக் கவனிக்கும் தியானம் சொல்லித் தருவதாகக் கேள்விப்பட்டுப் போனாள். நடத்தியவர் சங்கரசுப்பு, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"சத்தத்தை விரட்டாதம்மா. அது இருக்கு. இருக்குன்னு மட்டும் பாரு" என்றார்.

பார்த்தாள். சத்தம் போகவில்லை. அதன்மேல் இருந்த எரிச்சல் போயிற்று, தூக்கம் வந்தது. அதன் பிறகு காலை வகுப்பை அவள் தவறவிட்டதே இல்லை.

போன வருஷம், கோமதி அம்மன் கோயில் ஆடித்தபசுத் திருவிழாவின் கொடியேற்றத்துக்கு முந்தைய வாரம், நூலைச் சுமந்து குறுக்கே பாயும் நாடா ஒரு தறியிலிருந்து தெறித்தது. அதையும் அடுத்த தறியையும் சேர்த்து ஓட்டிய ஜரினாவின் கண்ணில் பட்டு, அந்தக் கண் போயிற்று. தெறிப்பைத் தடுக்கும் கம்பி அந்தத் தறியில் வெகுநாளாகவே இல்லை. விசாரிக்க வந்த அதிகாரியிடம் பேச்சிராஜ், "கம்பி இருந்துச்சு சார். அந்தப் பிள்ளைதான் கழத்திப் போட்டிருக்கு" என்றார். மற்றவர்கள் தலைகுனிந்து நின்றார்கள்.

"இல்ல சார், கம்பியே கிடையாது. நான் எத்தனையோ தடவ முதலாளிட்ட சொல்லியிருக்கேன்" என்றாள் ஆறுமுகத்தாய்.

தியான மாடியும் பேச்சிராஜுக்குச் சொந்தம். மறுநாள் வகுப்பு முடிந்ததும் சங்கரசுப்பு அவளை நிறுத்தினார்.

"நடந்தது நடந்து போச்சும்மா. ஏத்துக்கிடணும். கோவத்த வச்சுக்கிட்டு உக்காந்தா தியானம் எப்படிக் கூடும்?"

"கோவம் இல்ல சார். உள்ளத உள்ளபடி பாருன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? பாத்தேன். பாத்ததச் சொல்லுதேன்."

"தியானம்னா அமைதிம்மா."

"நம்ம கோமதி அம்மன் தபசு நின்னாளே, கேட்டது கிடைக்காம எறங்கி வந்தாளா?"

"நாளைல இருந்து நீ வர வேண்டாம்மா" என்றார் சங்கரசுப்பு, தரையைப் பார்த்து.

அன்றே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தாள். வேலை போயிற்று. மறுநாள் காலையில் வழக்கம்போல மாடியேறினாள். உள்ளே விடவில்லை. கதவுக்கு வெளியே, படிக்கட்டின் மேல்படியில் கண்ணை மூடி உட்கார்ந்தாள். தகவல் போய் பேச்சிராஜே வந்துவிட்டார்.

"ஏட்டி, எந்திரி. இது என் இடம்."

"இடம் உங்களோடது முதலாளி. மூச்சு என்னோடது."

சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் கத்திப் பார்த்தார். அவள் அசையவில்லை. உள்ளேயிருந்து பிரேமலதா என்ற சத்துணவு ஊழியர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு இன்னொருத்தி வந்தாள். மற்றவர்கள் உள்ளேயே இருந்துவிட்டார்கள். சங்கரசுப்புவும்தான்.

நஷ்டஈட்டு வழக்கு ஜரினா பக்கம் முடிந்தது. எல்லாத் தறிக்கும் கம்பி வந்தது. பேச்சிராஜ் ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் ஆறுமுகத்தாய் திரும்பிப் போகவில்லை. வேறு கூடத்தில் சேர்ந்துவிட்டாள். இப்போது ஜரினா வீட்டு மொட்டைமாடியில்தான் தியானம். ஜரினா உட்காருவதில்லை. "எனக்குப் பொறும கிடையாதுக்கா. நீங்க இருங்க, டீ போடுதேன்" என்பாள்.

சமீபத்தில் பேருந்து நிலையத்தில் சங்கரசுப்பு எதிரே வந்தார். "நம்ம வகுப்புக்கே திரும்பி வந்திரும்மா. நான் முதலாளிட்ட பேசுதேன்" என்றார்.

"யாருட்டயும் பேச வேண்டாம் சார். நீங்க ஜரினா வீட்டு மாடிக்கு வாங்க. யாரையும் எந்திரிக்கச் சொல்ல மாட்டோம்."

அவர் இன்னும் வரவில்லை.